இரண்டாம் ஷிஃப்டுக்கு ஒரு செட்டர்

"ரெண்டாம் ஷிஃப்ட மாசக் கடைசியோட மூடிடலாம்" என்று மனோகரன் சார் சொன்னதும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. அவர் முதலாளி. நான் ரேணுகா, புரொடக்‌ஷன் இன்சார்ஜ். அம்பத்தூர் எஸ்டேட்டில் பைக்குக்கு உதிரிபாகம் கடையும் சின்னக் கம்பெனி எங்களுடையது.

"செட்டர் இல்லாம எப்படிம்மா ஓட்டுறது? வர்றவன் எவனும் நிக்க மாட்டேங்கிறானே" என்றார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மெஷினில் வேறு பார்ட் ஓட்ட வேண்டுமென்றால் பீஸைப் பிடிக்கும் ஜாக்களைக் கட்டி, டூல் பொருத்தி, அளவு கொடுக்க ஒரு செட்டர் வேண்டும். எங்களிடம் இருந்தது கோகுல்நாத் ஒருவன்தான், அவனும் காலை ஷிஃப்ட். மதியம் வரும் பெண்கள் பீஸை மாட்டுவார்கள், பச்சைப் பொத்தானை அமுக்குவார்கள், கழற்றுவார்கள். வருஷக்கணக்காக அதே வேலை. அதை நம்பித்தான் கள்ளிக்குப்பத்திலும் ஆவடியிலும் அத்தனை வீடுகளில் அடுப்பு எரிகிறது.

"வெளியில ஏன் சார் தேடணும்? நம்ம மதிய ஷிஃப்ட் தாட்சாயிணிய செட்டராக்குறேன்."

சிரித்தார். அந்தச் சிரிப்புதான் என்னைக் கிளப்பிவிட்டது. "ஆயுத பூஜை வரைக்கும் டைம் குடுங்க. அப்புறம் நீங்களே எதிர்ல நின்னு பாருங்க. டீ டைமுக்குள்ள அவ கையால சரியான பீஸ் வரலன்னா ஷிஃப்ட மூடிடுங்க. நான் வாயே திறக்க மாட்டேன்" என்றேன்.

"நீ வாய் திறக்காம இருப்பியா? அதைப் பாக்கவாவது வர்றேன்" என்றார் அவர்.

தாட்சாயிணியிடம் சொன்னால் கையெடுத்துக் கும்பிட்டாள். "அய்ய, எனக்கு இன்னா மேடம் தெரியும்? பொண்ண கட்டிக் குடுத்துட்டு ஒக்காந்துகினுகீறேன், இப்ப போய்..."

"தெரிஞ்சா எதுக்குக் கத்துக்கணும்? நாளையிலேர்ந்து காலையிலயே வா. அந்த நேரத்துக்கும் சம்பளம் உண்டு."

அவளைக்கூடச் சமாளித்துவிட்டேன். கோகுல்நாத்தைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. தங்கமான பையன், ஆனால் கை சும்மா இருக்காது. தாட்சாயிணி ஸ்பானரைத் தொட்டதுமே "தள்ளுக்கா, நான் போட்டுர்றேன்" என்று பிடுங்கிக்கொள்வான். மளமளவென்று முடித்துவிட்டு, "பாத்துக்கினியா?" என்பான். பார்த்தால் வந்துவிடுமா? சமையலைப் பார்த்தவர்கள் எல்லாம் சமைத்துவிடுகிறார்களா என்ன?

"டேய், நீ இல்லன்னா கம்பெனி நின்னுடும்னு பெருமையா உனக்கு? தாலி கட்டுன கையோட மணமேடையில போன்ல அளவு சொன்னவன்தானே நீ!" என்று கத்தினேன்.

"அதுக்கே இன்னும் ஊட்ல திட்டு வாங்கிக்கினுகீறேன்க்கா" என்று தலையைச் சொறிந்தான்.

மறுநாள் அவனுக்கு இரண்டு கையிலும் தளும்பத் தளும்ப டீ கிளாஸ் கொடுத்து மெஷின் பக்கத்தில் நிறுத்தினேன். வாயால் சொல்லலாம், கையை வைக்கக் கூடாது. ஒரு சொட்டு சிந்தினாலும் எல்லோருக்கும் அவன் செலவில் பஜ்ஜி. முதல் வாரம் பஜ்ஜி தின்றே எங்கள் வயிறு கெட்டது. போகப் போக பஜ்ஜி வருவது நின்றுவிட்டது. தாட்சாயிணி டூலை உடைத்தாள், அழுதாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு வேறு டூல் பொருத்தினாள்.

பூஜைக்கு முந்தின வாரம் முதலாளி மதிய ஷிஃப்டுக்கு வந்து நின்றார். கோகுல்நாத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். தாட்சாயிணி பழைய ஜாக்களைக் கழற்றி, புதியவற்றைக் கட்டி, அளவு கொடுத்து முதல் பீஸை எடுத்தாள். அளவு பார்க்கும் டயலை வைத்து அதைச் சுழற்றிப் பார்த்தால் முள் கிடுகிடுவென்று ஆடியது. துளை நடுவில் விழவில்லை.

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். "நான்தான் சொன்னேனே ரேணுகா."

போய் ஸ்பானரை வாங்கிவிடலாம் என்று எனக்குக் கை பரபரத்தது. வாங்கினால் அத்தனையும் பாழ். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"இரு சார், இன்னாத்துக்கு அவசரப்பட்ற?" என்றாள் தாட்சாயிணி. முதலாளியை அவள் அப்படி அதட்டி நான் கேட்டதே இல்லை. மூன்று ஜாக்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, பின்பக்கத்தை விரலால் தடவினாள். மூன்றாவதன் அடியில் நகக்கண் அளவுக்கு ஒரு இரும்புப் பிசிறு ஒட்டிக்கொண்டிருந்தது. ஊதித் துடைத்து, இறுக்கிக் கட்டி, அடுத்த பீஸை எடுத்தாள்.

முள் அசையவே இல்லை. துளை அளவும் கச்சிதம். டீ மணி இன்னும் அடிக்கவில்லை. மற்ற பெண்கள் அடித்த விசிலில் பக்கத்து யூனிட்காரர்கள் ஓடிவந்து எட்டிப் பார்த்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. சொன்னால் என்ன வெட்கம்? வந்துவிட்டது.

"சரிம்மா, ஜெயிச்சுட்டீங்க. ஷிஃப்ட் ஓடட்டும். பீஸ மாட்டு" என்றார் முதலாளி.

தாட்சாயிணி மாட்டவில்லை. கட்டிய ஜாக்களை மறுபடி கழற்ற ஆரம்பித்தாள்.

"ஏய், இன்னாடி பண்ற?" என்று நானே அலறிவிட்டேன்.

அவள் அடுத்த மெஷின் கலைவாணியைக் கூப்பிட்டு ஸ்பானரை அவள் கையில் வைத்தாள். "இவ கட்டட்டும் சார். நாளைக்கு எனக்கு ஒரு ஜுரம் வந்தா, மறுபடியும் ஷிஃப்ட மூடுன்னு வந்து நிப்பியே!"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் சொன்னபடியே வாய் திறக்கவில்லை. அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கட்டும்மா கலைவாணி, நான் வெயிட் பண்றேன்" என்றார்.