மேற்குக் கிளைக் காய்

என் தங்கை பூரணிக்கு ஏழாம் மாதம். தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் நிற்கும் மாமரத்தில் ஒரே ஒரு காய். இரண்டையும் முடிச்சுப் போட்டுத்தான் தோட்டமே பேசியது.

"இருவது வருசமா பூத்துப் பூத்துக் கருகின மரம். பூரணி வயித்துல புள்ள தங்கினதும் அதுலயும் காய் தங்கிருச்சு பாத்தீங்களா!" என்றாள் மருத்துவச்சி வேலாயி. தண்ணீர் பிடிக்க நின்ற அத்தனை பேரும் தலையாட்டினார்கள்.

எனக்கு வயிறு எரிந்தது. அது என் காய்.

நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே, இந்த மலைக் குளிரில், மா பூக்கும், காய் பிடிக்காது. பனி பூவைக் கருக்கிவிடும். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படித்துவிட்டு வந்த நான், போன ஐப்பசியில் மேற்குக் கிளையில் விரலகலத்துக்குப் பட்டையை வளையமாகச் சீவினேன். இலை ஆக்கிய உணவு கீழே இறங்காமல் கிளையிலேயே தங்கும், காய் பிடிக்க வாய்ப்பு உண்டு. பிடித்தது அந்தக் கிளையில் மட்டும்தான்.

சொல்லிப் பார்த்தேன்.

"பட்டைய உரிச்சா மரம் சாகும், காய்க்குமா? படிச்ச கிறுக்கு!" என்று வேலாயி சிரித்தாள். வயிற்றுப்போக்குக்கு மாங்கொட்டைப் பருப்பை அரைத்துக் கொடுப்பவள். லயத்தில் அவள் பேச்சுக்கு இருக்கும் மதிப்பு என் பட்டத்துக்கு இல்லை.

எல்லாம் பூரணிக்குத்தான். பேக்டரியில் வேலை செய்யும் நல்லமுத்து என்னிடம்தான் புத்தகம் இரவல் வாங்குவான். பெண் கேட்டு வந்த அவன் அம்மா, "படிச்ச புள்ள நமக்கு சரிப்படாதுங்க, சின்னவளக் குடுங்க" என்றாள். அவன் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் கலியாணத் தோரணத்துக்கு இதே மரத்தில் ஏறி இலை பறித்துப் போட்டவள் நான்.

வெள்ளிக்கிழமை வளைகாப்பு. அந்தக் காயைத்தான் பூரணி வாயில் முதலில் வைப்பதாம். வியாழன் மாலை எல்லோரும் கொழுந்து நிறுக்கப் போயிருந்த நேரம், சேலையைச் செருகிக்கொண்டு ஏறினேன். காயைத் திருகி எடுத்துவிட்டுக் குனிந்தால், கீழே பூரணி.

"அக்கா, அந்த எழவ எங்கயாச்சும் வீசிரு. மாங்கான்னாலே கொமட்டுது."

"ஆசைன்னாங்களே?"

"அவங்களாவே சொல்லிக்கிறாங்க. நீ வளையம் சீவுன கெளைதானே அது?"

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"தீவாளிக்கு வந்தப்ப பாத்தேன்."

"பாத்துட்டா வாய மூடிக்கிட்டு இருந்த?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நீ பாஸ் பண்ணுனப்ப மேளம் அடிச்சாங்க. நீ படிச்ச நாலு வருசமும் மழையில கொழுந்து எடுத்தவளுக்கு யாரு அடிச்சா? இப்பதான் எனக்குன்னு ஒன்ன சொன்னாங்க. கேக்க நல்லாருந்துச்சு."

நியாயம்தான். நியாயம் தெரிந்தால் எரிச்சல் அடங்கிவிடுமா? இறங்கி, அவள் கண்ணெதிரே காயைக் கடித்தேன். பல் கூசியது. மீதியை அவள் கையில் திணித்துவிட்டு உள்ளே போனேன்.

மறுநாள் வளையல் தட்டுக்குப் பக்கத்தில் அந்தக் காய் இருந்தது, என் பல் தடத்தோடு.

"ஐயோ, அணில் கடிச்சிருச்சே!" என்றாள் வேலாயி.

"அணில் இல்லங்க, எங்கக்கா" என்றாள் பூரணி. "காய்க்க வச்சதும் அவதான். மேக்கால கெளையில வளையம் இருக்கு, போய்ப் பாருங்க."

இரண்டு பெண்கள் உண்மையிலேயே பார்க்கப் போனார்கள். வாசலில் நின்ற நல்லமுத்து அப்போதும் வாயைத் திறக்கவில்லை.