அடுத்த தைக்கும் வரணும்

என் பெயர் சாந்தம்மாள். அதில் இருக்கிற சாந்தம் பெயரோடு சரி. மறையூரில் யாரைக் கேட்டாலும் சின்னையன் பெண்டாட்டிக்கு வாய் நீளம் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வாயில் வேறொன்று பேசுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. சூசையப்பன் தனியாக வந்த அந்தத் தை மாதம் வரைக்கும் கிடையாது.

எங்களுக்கு ஆற்றையொட்டிக் கொஞ்சம் கரும்பும், அதன் நடுவில் வெல்லம் காய்ச்சுகிற கொட்டகையும் இருக்கின்றன. தை பிறந்தால் எனக்கு மூச்சு விட நேரம் இருக்காது. மாடு சுற்றிச் சுற்றி ஆலையை இழுக்கும். சாறு கொப்பரையில் கொதித்துக்கொண்டிருக்கும். காய்ந்த சக்கையை அடுப்புக்குள் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். பாகு பதம் தப்பினால் அன்றைக்குப் பட்ட பாடெல்லாம் மண். இப்படிப்பட்ட நேரம் பார்த்து வருடா வருடம் விருந்தாளி வந்து இறங்கினால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

வந்தவர்கள் சூசையப்பனும் அவர் மனைவி பிலோமியும். மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரியில், இலை உலர்த்துகிற அடுப்பில் அவருக்கு வேலை. அவள் கொழுந்து கிள்ளப் போவாள். பெருவெள்ளம் மூணாற்றை அடித்துக்கொண்டு போனதே, அதற்கு அடுத்த தையில் முதல் தடவை வந்தார்கள். அப்போது அவர்களுக்குக் கல்யாணமான புதிது. தையில் மலைமேல் உறைபனி விழுந்து கொழுந்து கருகிவிடும். ஃபேக்டரிச் சக்கரங்களைக் கழற்றி எண்ணெய் போடுவதற்காக ஒரு வாரம் நிறுத்துவார்கள். வருடத்துக்கே அவர்களுக்குக் கிடைக்கிற லீவு அதுதான். குளிரில் விறைத்துக் கிடப்பதைவிட வெயிலைப் பார்த்துவிட்டு வரலாமே என்று விடியற்காலையில் மலையிறங்கி, பொழுது சாயும் நேரத்தில் எங்கள் கொட்டகைக்கு வந்து நின்றார்கள். என் வீட்டுக்காரருக்குத்தான் வந்தவரைப் போ என்று சொல்லத் தெரியாதே. வெல்லம் அடுக்குகிற குடிசையை ஒழித்துக் கொடுத்துவிட்டார். ஒழித்தது அவர் வாய். சுமந்தது என் தலை.

எங்கள் கொட்டகையில் மாமனார் காலத்திலிருந்து ஒரு வழக்கம் உண்டு. கொப்பரையை இறக்கும்போது பக்கத்தில் யார் நின்றாலும் உட்காரவைத்து, வாழையிலைத் துண்டில் ஒரு கரண்டி சூட்டு வெல்லம் வைக்க வேண்டும். வேண்டாம் என்று அவர்கள் சொல்லக்கூடாது. தின்றவர்கள் "அடுத்த தைக்கும் வரணும்" என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். சொன்னால் அடுத்த கரும்பு நன்றாக வரும் என்று எங்களுக்கு ஒரு நம்பிக்கை. மாட்டுத் தரகனும் சொல்வான், காட்டிலாகா வாட்சரும் சொல்வான். சொல்லிவிட்டுப் போகிறவன் மறுபடி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்தால்தான் உண்டு. அது அவர்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

பிலோமிக்கும் இலையில் வைத்துச் சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொடுத்தேன். ஊதித் தின்னடி என்று சொல்ல மறந்துவிட்டேன். அவள் அப்படியே அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். நாக்கு வெந்துவிட்டது. புது இடம், ஆண்கள் நிற்கிறார்கள், துப்பவும் முடியவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வர, "அடுத்த தைக்கும் வரணும்" என்றாள். எதிரே உட்கார்ந்திருந்த சூசையப்பன் தின்பதை விட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கொட்டகைக்குப் பின்னால் நான் செம்பில் தண்ணீர் கொடுத்தபோது, "நாக்கு வெந்துபோச்சுக்கா, அவுககிட்ட சொல்லிராதிய, பயந்துருவாக" என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

அந்த ஒரு வாரம் இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரித் திரிந்தார்கள். பாறைமேல் இருக்கிற கல் குகைகளுக்குள் நுழைந்து பார்த்தார்கள். ஆற்றில் மத்தியானம்வரை கிடந்தார்கள். சந்தனக் காட்டு ஓரம் போய் மான் பார்த்துவிட்டு வந்து என்னிடம் கதை கதையாய்ச் சொன்னார்கள். நான் எரிந்து விழுந்தாலும் உள்ளுக்குள் எனக்கும் சந்தோஷம்தான். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கே, அவர்கள் சொல்லக் கேட்டால் இந்த ஊர் புதிதாகத் தெரிந்தது.

அடுத்த வருடமும் வந்தார்கள். அதற்கடுத்த வருடமும் வந்தார்கள். அதே குடிசை, அதே குகை, அதே ஆறு. போகப்போக அவர்கள் நடையில் வேகம் குறைந்தது. "ஆத்துக்குப் போவமா" என்பார் அவர். "போவமே" என்பாள் அவள். போன கையோடு திரும்பி வருவார்கள். பிறகு குகைக்குப் போவது நின்றது. மான் பார்ப்பதும் நின்றது. குடிசை வாசலில் இரண்டு கல்லைப் போட்டுக்கொண்டு எதிரே இருக்கிற மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். பார்க்கிற எனக்கே கொட்டாவி வரும். ஆனால் யாராவது பக்கத்தில் போனால் போதும், இரண்டு பேர் முகத்திலும் சட்டென்று சிரிப்பு ஏறிவிடும். "இந்த வெயிலுக்கு ஈடு உண்டா அண்ணே" என்பார் அவர் என் வீட்டுக்காரரிடம். அவள் தலையாட்டுவாள்.

நாலாவது வருடமோ ஐந்தாவது வருடமோ, ஆலை மாடு அவளைக் கண்டதும் கழுத்தை நீட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்தேன். எனக்குச் சந்தேகம் தட்டியது. மறைந்து நின்று பார்த்தால், இலையில் வாங்கிய வெல்லத்தை முந்தானைக்குள் ஒளித்துக் கொண்டுபோய் மாட்டுக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"ஏண்டி, நாங்க உசிரக் குடுத்துக் காச்சுறோம், நீ மாட்டுக்கா வைக்கிற?"

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கோவிச்சுக்கிடாதிய அக்கா. எனக்குச் சின்னதுலேருந்தே இனிப்பு ஆகாது. வாயில வச்சாலே குமட்டுது."

"இதை அன்னைக்கே சொல்றதுக்கு என்ன? வருசா வருசம் எதுக்குடி வாறீங்க அப்ப?"

ஆற்றங்கரைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். துணி அலசுகிற கல்லில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினாள். அவள் தாய்வழி ஆட்கள் தூத்துக்குடிப் பக்கம் கடற்கரைக்காரர்கள். அவள் சித்தி இன்னும் அங்கேதான் இருக்கிறாள். இவள் கைக்குழந்தையாக மலையேறியவள், கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. ஒரே ஒரு தடவை போக வேண்டும், காலை நனைக்க வேண்டும், சித்தி கையால் மீன்குழம்பு சாப்பிட வேண்டும். அவ்வளவுதான் ஆசை. இருக்கிறதோ ஒரு வாரம் லீவு. அதுவும் இங்கே போய்விடுகிறது.

"உன் புருசன்கிட்ட சொல்லேன். வாயில என்ன கொழுக்கட்டையா?"

"அவுக வருசம் பூராவும் அந்த அடுப்புச் சூட்டுல கெடந்து வேகுதாக. அங்க ஒரு வார்த்தை சிரிச்சுப் பேச மாட்டாக. இங்க வந்தாத்தான் அவுக மொகத்துல சிரிப்பையே பாக்கேன். அதைப் போயி நான் கெடுக்கவா?" என்றாள். பிறகு என் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள். "அவுக காதுக்கு இது போகக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

பண்ணினேன். வேறென்ன செய்ய? ஒவ்வொரு தையிலும் தனியாகப் பார்க்கும்போது கரடியாய்க் கத்தினேன், சொல்லித் தொலையடி என்று. அடுத்த வருடம் சொல்கிறேன் என்பாள். கடைசியாக வந்த வருடம் ஆற்றில் தண்ணீர் மெலிந்து கல்லுக்கிடையில் ஓடிக்கொண்டிருந்தது. வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "கடலும் இப்படித்தான் சத்தம் போடுமாக்கா?" என்று கேட்டாள்.

"நான் என்னத்தக் கண்டேன். போய்ப் பாத்துட்டு வந்து எனக்கும் சொல்லு" என்றேன்.

அந்த ஆடி மழையில் அவளுக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. தோட்டத்து லயத்து வீட்டின் ஈரச் சுவருக்குள் கிடந்தவள் எழுந்திருக்கவே இல்லை. கழுதைமேல் அரிசி ஏற்றிப் போகிறவன் வந்து சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அன்றைக்கு நான் அடுப்பு மூட்டவில்லை. ஒரு கடல், ஒரே ஒரு தடவை, அதைக்கூடப் பார்க்காமல் போய்விட்டாளே என்று நினைக்க நினைக்க ஆற்றாமையாக இருந்தது. செத்தவள்மேல் கோபம், இருக்கிறவர்மேல் கோபம், என்மேலும் கோபம்.

இனி அவர் ஏன் வரப்போகிறார் என்றுதான் நினைத்தேன். தை பிறந்தது. ஒரு சாயங்காலம் கொப்பரை இறக்குகிற நேரத்துக்குச் சரியாகக் கரும்புக்கு நடுவே நடந்து வந்தார். எப்போதும் கொண்டுவருகிற தேயிலைத் தூள் டப்பா கையில் இருந்தது. ஆள் பாதியாகியிருந்தார். கொட்டகையில் தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் இலையை நறுக்கிப் போட்டார். கைப்பழக்கம், இரண்டு இலை போட்டுவிட்டார். இரண்டிலும் வெல்லத்தை வைத்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. எடுக்கவும் முடியவில்லை. கரண்டியைப் போட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போவது போல் பின்பக்கம் போய்விட்டார்.

சூசையப்பன் அந்த இரண்டாவது இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் கண்டு ஆலை மாடு நின்றுவிட்டது. அவருக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தது. ஓட்டுகிறவன் தட்டியும் நகரவில்லை.

"மதினி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அண்ணன்கிட்ட சொல்லிராதிய, வருத்தப்படுவாக" என்றார். "எனக்கு இந்த ஊரு மூணாவது வருசமே சலிச்சுப் போச்சு."

கையில் இருந்த சக்கையைக் கீழே போட்டேன்.

"தப்பா எடுத்துக்கிடாதிய. அதே மலை, அதே ஆறு. மலையெறங்கும்போதே எப்படா திரும்பி ஏறுவோம்னு இருக்கும். ஆனா அவளுக்கு இங்கதான் உசிரு. மொத வருசம் இந்த எடத்துல ஒக்காந்து சொன்னா பாத்தியளா, அடுத்த தைக்கும் வரணும்னு. எல்லாரும் முறைக்குச் சொல்லுதாக, எனக்குத் தெரியாதா? அவ மட்டும் கண்ணுல தண்ணியோட சொன்னா மதினி. அன்னைக்கே நெனச்சேன், என்ன ஆனாலும் வருசா வருசம் இவளக் கூட்டிட்டு வந்துரணும்னு. இங்க வந்தா நான் சிரிச்ச மொகமா இருப்பேன். இல்லன்னா அவ சந்தோசம் கெட்டுருமே."

கீழே போட்ட சக்கையை எடுத்து அடுப்புக்குள் தள்ளினேன்.

"போன வருசம்கூட ஒரு நெனப்பு. அவ சித்தி கடக்கரையில இருக்கா. ஒரு தடவை அங்க கூட்டிட்டுப் போனா என்னன்னு. எனக்கும் கடல் பாக்க ஆசைதான். அப்புறம், அவளுக்குப் பிடிச்ச எடத்த விட்டுட்டு அங்க போயி என்ன செய்யன்னு வாயத் திறக்கல." இலையில் இருந்ததைத் தொடாமல் என்னை நிமிர்ந்து பார்த்தார். "புள்ள குட்டி இல்ல. நல்ல சேலை ஒண்ணு எடுத்துக் குடுத்ததில்ல. அவளுக்குன்னு நான் செஞ்சது இது ஒண்ணுதான். உங்ககிட்டதான் அவ மனசு விட்டுப் பேசுவா. நீங்க பொய் பேசாத ஆளு, அதான் கேக்கேன். அவளுக்கு இங்க வந்தது சந்தோசமாத்தான இருந்துச்சு?"

வெந்த நாக்கு, மாடு தின்ற வெல்லம், கடல், எல்லாம் என் தொண்டைக்கு வந்து நின்றன. பாவி மனுஷா, நீயும் சொல்லவில்லை அவளும் சொல்லவில்லையே, உங்களுக்கு நடுவில் இத்தனை தையையும் குப்பையில் போட்டீர்களே என்று அவர் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் இருந்தது. அவர் கண் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. சொன்னால் அந்த ஆள் மலையேறி வீடு போய்ச் சேரமாட்டார் என்று எனக்குத் தோன்றியது.

"ஆமா தம்பி" என்றேன். "இந்த ஊருன்னா அவளுக்கு உசிரு. அடுத்த தை எப்ப வரும்னு இருக்குன்னு சொல்லுவா."

அவர் முகம் தளர்ந்தது. தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தன் இலையில் இருந்ததைத் தின்றார். பிறகு அவள் இலையையும் இழுத்து, அதையும் ஒரு துணுக்கு விடாமல் தின்றார். கையைக் கழுவிக்கொண்டு வந்து நின்றார்.

"அப்ப நான் விட மாட்டேன் மதினி. எனக்குப் பிடிக்குதோ பிடிக்கலையோ, அவ ஆசைப்பட்ட எடம். உசிரு உள்ளமட்டும் வருசா வருசம் வாறேன்."

ஐயோ, அதற்காகவா நான் சொன்னேன்? நிம்மதியாக வீடு போய்ச் சேரட்டும், முடிந்தால் அந்தக் கடலையாவது ஒருநாள் போய்ப் பார்க்கட்டும் என்றுதானே சொன்னேன்? வாயைத் திறந்தேன். திறந்து என்ன சொல்வது? சொன்ன பொய்யை எடுத்தால் அடியில் இருக்கிற உண்மையும் கூடவே வந்துவிடும்.

சொன்னபடி வந்துகொண்டிருக்கிறார். இந்தத் தைக்கும் வந்தார். முழங்கால் வலியாம், தடி ஊன்றி இறங்கி வந்திருக்கிறார். குடிசை வாசலில் ஒற்றைக் கல்லைப் போட்டுக்கொண்டு எதிரே இருக்கிற மலையைப் பார்த்தபடி ஒரு வாரம் உட்கார்ந்திருந்தார். கரும்புக்கு நடுவே போகும்போதும் வரும்போதும் நானும் அதைப் பார்த்தேன். நான் பக்கத்தில் போனால் சிரித்தார். நேற்றுக் கொட்டகையில் இலையில் வைத்ததைத் தின்றுவிட்டு, "அடுத்த தைக்கும் வரணும் மதினி" என்றார்.

"வாங்க தம்பி" என்றேன்.