மெஷின் இல்லாமல் ஒரு வழி

அந்த அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் காது. டயர் கடைக்கு மேலே இரண்டு அறை, நாலைந்து கணினி, மூலையில் ஒரு தண்ணீர் கேன். அதுதான் அலுவலகம். பிறருடைய இணையதளங்களுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பது அவர்கள் தொழில். கடைத்தெருவில் நின்று போகிறவர் கையைப் பிடித்து இழுத்தால் அடிக்க வருவார்கள். அதே வேலையை நாற்காலியில் உட்கார்ந்து செய்தால் மரியாதையாக இருக்கிறது. ஜனங்கள் தேடும் பெட்டியில் என்ன சொற்களைத் தட்டுகிறார்கள் என்று கண்டுபிடித்து, அதே சொற்களைத் தளத்தில் எழுதி வைத்துவிட்டால், தேடுகிறவர் தானாக வந்து விழுவார். அந்தச் சொற்களுக்குத்தான் கீவேர்டு என்று பெயர்.

மற்றவர்கள் கீவேர்டை டூலில் தேடுவார்கள். எந்தச் சொல்லை எத்தனை பேர் தட்டுகிறார்கள், அதற்கு யார் யார் போட்டி என்று டூல் காட்டிவிடும். இவள் முதலில் காதால் தேடுவாள். பஸ்ஸில், மருந்துக்கடை வாசலில், லிஃப்டில், ஜனங்கள் தங்கள் கஷ்டத்தை எந்த வாக்கியத்தில் சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு வந்து அதை அப்படியே டூலில் போட்டுப் பார்ப்பாள். "தண்டுவடச் சிகிச்சை" என்று வலியில் இருக்கிற எவரும் தட்டுவதில்லை. "குனிஞ்சா நிமிர முடியல" என்றுதான் தட்டுகிறார்கள். அந்த வித்தை கைவந்ததில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

மூலிகையால் சிறுநீரகத்தைச் சரிசெய்வதாகச் சொல்லும் ஒரு மையத்தின் வேலை அவர்களிடம் வந்தது. தளம் பளபளவென்று இருந்தது, ஆனால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. சிறுநீரகம் என்று எதைத் தட்டினாலும் பெரிய ஆஸ்பத்திரிகள் முன்னால் வந்து நின்றன.

"ஆஸ்பத்திரிக்காரன் டாக்டர் பாஷையில எழுதுறான். நோயாளி அந்த பாஷையிலயா தேடுவான்? உன் காதக் கொஞ்சம் தீட்டும்மா" என்றார் முதலாளி.

தீட்டுவதற்கு அவள் வெளியே எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. அவள் குடியிருந்தது அக்கா வீட்டு மாடி அறையில். அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் வேலையை நிறுத்திக்கொண்டுவிட்டன. வாரத்தில் மூன்று நாள் அத்தான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தோடு சேர்த்து உட்கார வைத்துவிட்டு வெளியே காத்திருப்பார். டயாலிசிஸ் என்ற சொல் அந்த வீட்டில் செல்லுபடியாகவில்லை. மெஷின் என்பார்கள். இன்னைக்கு மெஷின் உண்டு, நாளைக்கு மெஷின் கிடையாது, அவ்வளவுதான் நாட்காட்டி.

ஒரு சாயங்காலம் மெஷினிலிருந்து வந்த அக்கா, ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"மெஷின் இல்லாம இதுக்கு ஒரு வழியே இல்லையாடி?"

"கிட்னி கிடைக்கற வரைக்கும்தானேக்கா. கொஞ்சம் பொறுத்துக்கோ."

"உனக்கென்ன, ஊசி என் கைலதானே ஏறுது" என்று சிரித்துவிட்டு அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

தங்கை அந்தக் கையை மெல்லத் தடவிக்கொடுத்தாள். அந்தப் பாசம் நிஜம். அதே நொடியில் காது விறைத்துக்கொண்டதும் நிஜம். வெட்கம் கெட்ட காது. அக்கா சொன்ன வாக்கியத்தை அவள் மனதுக்குள் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

மறுநாள் டூலில் போட்டாள். அவள் நினைத்ததற்கு மேலேயே இருந்தது. எத்தனையோ பேர் அதே வாக்கியத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பதில் சொல்லும் பக்கம் ஒன்றுகூட இல்லை. வழி இல்லை என்று எழுத எந்த ஆஸ்பத்திரிக்கும் மனசு வராதுபோலும்.

அவள் எழுதினாள். "மெஷின் இல்லாமல் ஒரு வழி உண்டா? உண்டு." தலைப்பே அதுதான். பிறகு அடுத்த கேள்விகள். இது அவளுடைய இன்னொரு வித்தை. ஒரு பதிலைப் படித்தவருக்கு அடுத்து என்ன சந்தேகம் வரும், அப்போது என்ன தட்டுவார் என்று யோசித்து, ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம் போட்டுவிடுவாள். வந்தவர் வேறு கடைக்குப் போகாமல் நம் கடைக்குள்ளேயே சுற்ற வேண்டும் அல்லவா? மெஷினை நிறுத்தினால் கால் வீங்குமா? தூக்கம் வராதா? மூச்சு வாங்கினால் என்ன செய்வது?

பதில்களை மையத்துக்காரர் போனில் சொன்னார். மூச்சுக் கேள்விக்கு மட்டும் சற்றுத் தயங்கினார்.

"கழிவு வெளியேறுற அறிகுறின்னு போட்டுருங்க."

மூச்சு வாங்குவது எதன் அறிகுறி என்று அவளுக்குத் தெரியும். மெஷின் ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரு ராத்திரி அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு காற்றுக்குத் தவித்ததை அவள் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். நுரையீரலில் தண்ணீர் ஏறிவிட்டது என்று டாக்டர் சொன்னதையும் கேட்டிருக்கிறாள். ஆனால் அலுவலகத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் அவளுக்கு அக்காவும் கிடையாது, ஜன்னலும் கிடையாது. அவர் சொன்னது மொட்டையாக இருப்பதாகப் பட்டது. "பயப்பட வேண்டாம். இது நல்ல அறிகுறி. மருந்தைத் தொடருங்கள்" என்று நீட்டினாள். அந்த "நல்ல" அவள் கைச்சரக்கு.

எண்ணி ஒரு மாதத்தில் அந்த வாக்கியத்தை யார் தட்டினாலும் அவள் பக்கம்தான் முதலில் வந்தது. முதலாளி கேக் வெட்டினார். ஜன்னலோர மேஜையை அவளுக்குக் கொடுத்தார். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

அத்தான் அதிகம் பேசாத மனிதர். பஸ் டிப்போவில் மெக்கானிக். அன்று அவள் வேலையிலிருந்து திரும்பியபோது கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அது மெஷின் நாள். இருவரும் அந்நேரத்துக்கு வீட்டில் இருக்கவே கூடாது.

"போகலையா அத்தான்?"

"இன்னைக்குப் போகல. ஒரு இடம் கிடைச்சிருக்கும்மா." போனை நீட்டினார். "உங்க அக்கா வாயில வர்ற வார்த்தையத் தட்டினேன். அப்படியே அதையே எழுதியிருக்காங்க பாரேன். கடவுளே கொண்டுவந்து காட்டின மாதிரி."

அவளுக்குத் திரையைப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் ஒரு பாட்டில், கரும்பச்சைக் கஷாயம், மேலே மையத்தின் முத்திரை. அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வெகுநாளைக்குப் பிறகு தலை வாரியிருந்தாள்.

தங்கை மென்று விழுங்கிப் பார்த்தாள். முடியவில்லை. "அக்கா, அத எழுதினது நான்தான்."

இருவரும் அவளையே பார்த்தார்கள். திட்டு விழும் என்று நின்றாள். இரண்டு அறை விழுந்தால் இன்னும் நல்லது என்று நின்றாள்.

"நீயா எழுதின?" அக்காவின் முகம் மலர்ந்தது. "அட கழுதை, இத்தனை நாளா சொல்லவே இல்லையே. நான்கூட ஏமாத்துக்காரங்களா இருப்பாங்களோன்னு உள்ளுக்குள்ள பயந்துட்டிருந்தேன்."

"விசாரிக்காம எழுதுவாளா?" என்றார் அத்தான். அவர் முகத்திலும் ஒரு பாரம் இறங்கிவிட்டது.

"விசாரிக்கல அத்தான். அவங்க சொன்னாங்க, எழுதினேன். அது என் வேலை. அதுல ஒரு வார்த்தைகூட எனக்கு நிஜமான்னு தெரியாது. மெஷின் நிறுத்தினா உயிருக்கே ஆபத்து."

"ஆஸ்பத்திரிலயும் இதத்தான் சொல்லிப் பயமுறுத்துறாங்க" என்றாள் அக்கா. "நீயே உண்டுன்னு எழுதிட்டு நீயே இல்லைங்கற. எதடி நம்பறது?"

தங்கை அழுதாள், காலைப் பிடித்தாள், சாப்பிடாமல் படுத்தாள். கடைசியில் அக்கா ஒரு பேரத்துக்கு இறங்கி வந்தாள். பாட்டில் தீரும்வரை பார்ப்பாளாம், சரிப்படாவிட்டால் மறுபடி மெஷினுக்குப் போவாளாம். உடம்புக்கு ஏதாவது செய்தால் உடனே தனக்குப் போன் செய்ய வேண்டும் என்று தங்கை அத்தானிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். பாவம், அவரும் மனசாரத்தான் செய்துகொடுத்தார்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக முதலாளியிடம் போனாள்.

"அந்த மூச்சு வாங்குற பக்கத்த மட்டுமாவது எடுத்துடலாம் சார்."

"நல்லா ஓடுற பக்கத்துல எவனாவது கை வைப்பானா? மையத்துக்காரர் வெள்ளிக்கிழமை வர்றார். அடுத்த வருஷத்துக்கும் நமக்கே கொடுக்கறதா இருக்கார். அவர் போகட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்."

அந்தப் பக்கத்தை எடுக்க முதலாளி தேவையே இல்லை. தளத்துக்குள் நுழையும் சாவி அவளிடமும் இருந்தது. ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து பக்கத்தைத் திறந்தாள். அழிக்கவா என்று திரை கேட்டது. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டே நாள். வேலை போய்விட்டால் அக்காவின் மாத்திரைக்கு யார்? அத்தான்தான் போன் செய்கிறேன் என்று சத்தியம் செய்திருக்கிறாரே. ஆக, வேண்டாம் என்று அழுத்திவிட்டு வேறு வேலை பார்த்தாள். அன்று அவள் செய்த காரியம் இவ்வளவுதான். மனிதர்கள் பெரிய தப்புகளை இப்படித்தான் செய்கிறார்கள், பக்கத்தில் டீ ஆறிக்கொண்டிருக்கும்போது.

வெள்ளிக்கிழமை மதியம் மையத்துக்காரர் வந்தார். அவருக்குக் காட்டுவதற்காக முதலாளி சுவரிலிருந்த பெரிய திரையைப் போட்டார். இந்த நிமிடம் தளத்தின் எந்தெந்தப் பக்கத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள், எந்த ஊர் என்று அதில் தெரியும். மையத்துக்காரர் வாயெல்லாம் பல்லாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பட்டியலின் அடியில் ஒரு வரி முளைத்தது. மூச்சு வாங்கினால் என்ன செய்வது? ஒருவர். அலுவலகம் இருக்கிற அதே ஊர்.

அந்த ஊரில் எத்தனையோ ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவளுக்கு அந்தக் கணக்கெல்லாம் ஓடவில்லை. போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடினாள்.

"அத்தான், அக்கா எப்படி இருக்கா?"

"இருக்காம்மா. நீ பதறாத." குரலில் ஒரு நிதானம் இருந்தது. பின்னால், மரத்தை அறுப்பதுபோல் ஒரு சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. "காலைலேர்ந்து மூச்சு கொஞ்சம் அதிகமா வாங்குது. உனக்குத்தான் போன் பண்ண எடுத்தேன். எதுக்கும் முதல்ல பார்ப்போமேன்னு பார்த்தேன். கழிவு வெளியேறுதாம். நல்ல அறிகுறின்னு போட்டிருக்கு."

"அத்தான், அது அக்காவோட மூச்சா, பின்னால கேக்கறது?"

"ஆமாம்மா."

அவள் கத்திய கத்தலில் கீழே டயர் கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார். ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள். கிடைத்த ஆட்டோவில் ஏறினாள். சிவப்பு விளக்குக்கு நின்ற இடத்தில் ஓட்டுநரை வாய்க்கு வந்தபடி திட்டினாள். அவர் ஹாரனை அடித்துக்கொண்டே வண்டியை முன்னால் நகர்த்தினார். இப்படி ஏறுகிறவர்களை அவர் முன்பே பார்த்திருப்பார்.

ஆஸ்பத்திரியில் மெஷின் இருந்த அறை வரைக்கும் அக்காவைக் கொண்டுபோய்விட்டார்கள். மெஷினும் காலியாகத்தான் இருந்தது. அதில் இணைக்கிற அளவுக்கு அக்காவிடம் உயிர் இருக்கவில்லை. காலையிலேயே கொண்டு வந்திருக்கலாமே என்று டாக்டர் கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

அத்தான் வழக்கமாகக் காத்திருக்கும் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்ததும் அதை அவள் மடியில் வைத்தார்.

"காலைலேர்ந்து நாலஞ்சு தடவை படிச்சேன். எங்கயோ ஒரு வரிய நான்தான் விட்டிருக்கணும். டாக்டர்கிட்ட போங்கன்னு எங்கயாவது போட்டிருப்ப. எனக்குத்தான் அவ்வளவா படிப்பு கிடையாதே. நீ பாரும்மா, எங்க விட்டேன்?"

அவள் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தாள்.

"எதையும் விடல அத்தான்" என்றாள். "சரியாத்தான் படிச்சிருக்கீங்க."