எறும்பு நுழையாத சுவர்

1.

இந்தக் கதை ஒரு நன்றிக் கடிதத்திலிருந்து பிறந்தது. இதை ஒப்புக்கொள்வதற்கு முன்னால் வேறு இரண்டு தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

'கார்த்திகை மாதத்துக் கருமேகங்கள் நகரி மலையின் மூக்கைத் தொட்டபோது...' இது முதலாவது. (அந்த மலைக்கு மூக்கு இருப்பது உண்மை, அந்தப் பக்கம் ரயிலில் போனவர்களுக்குத் தெரியும். ஆனாலும் அடித்துவிட்டேன்.)

'கிருபாவதி என்று ஒரு மூடப் பெண்மணி இருந்தாள்.' இது இரண்டாவது. இதை ஏன் எழுதினேன், ஏன் அடித்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நடந்தது இதுதான். போன திங்கட்கிழமை, சித்தூரில் நான் குமாஸ்தாவாக இருக்கும் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் வந்தது. (எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். வருஷம் 1938 என்பது போதும்.)

'கனம் பொருந்திய ஐயா அவர்களுக்கு, கர்த்தரின் நாமத்தில் தோத்திரம். புத்தூருக்கு நாலு மைலில் மலைச்சரிவில் இருக்கும் எங்கள் பெண்பிள்ளைகள் விடுதிக்கு இடம் போதாமல், சரிவை வெட்டி மேடை கட்டினோம். தாங்கள் எழுதிய புத்தகத்தின்படியே பதினொரு அடி உயரம் கற்சுவர் எழுப்பி, உள்ளே மண் கொட்டி இறுக்கினோம். மேஸ்திரி ஏழுமலை என்பவர் சுவரில் ஓட்டைகள் விடவேண்டும் என்று மூன்று நாள் மல்லுக்கு நின்றார். தங்கள் புத்தகத்தைக் காட்டி அவர் வாயை அடைத்தேன். இப்போது ஓர் எறும்பு நுழைய இடமில்லை. சுவரடியில் நல்ல நிழல் இருப்பதால் சாப்பாட்டுக் கொட்டகையையும் அங்கேயே போட்டுவிட்டோம். முப்பத்திரண்டு பிள்ளைகளும் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு சாப்பிடுவதைப் பார்த்தால் தாங்களே சந்தோஷப்படுவீர்கள். இப்படிக்கு, விடுதித் தலைவி கிருபாவதி.'

படித்து முடித்ததும் கடிதத்தை யார் கண்ணிலும் படாமல் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

2.

ஏன் என்று சொல்ல வேண்டுமானால் அந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எட்டே பக்கம். 'மலைச்சரிவிலும் கட்டட வேலையிலும் மண் கரையாமல் காக்கும் வழிகள்' என்பது தலைப்பு. எங்கள் அலுவலகத்துப் பெரியவர் இங்கிலீஷில் குறித்துக் கொடுத்ததை நான் தமிழில் எழுதினேன். அவர் தெலுங்குக்காரர், தமிழ் படிக்க மாட்டார். ஆகவே அந்த எட்டுப் பக்கத்துக்கும் நான்தான் பொறுப்பு.

சரிவில் வருகிற தண்ணீரை மறித்துக்கொண்டு நிற்கக் கூடாது, அதன் வேகத்தைக் குறைத்து வழிகாட்டி அனுப்ப வேண்டும். இந்த சாஸ்திரத்தின் சாரம் இவ்வளவுதான். மேட்டுக்குக் குறுக்கே வரப்புப் போடு. வெட்டின இடத்துக்கு மேலே கால்வாய் எடு. கொட்டிவைத்த மண்ணை வைக்கோலால் மூடு. வெறும் சரிவில் வெட்டிவேர் நடு. பதினான்காவது குறிப்பு தாங்குசுவரைப் பற்றியது. அதன் கடைசி இரண்டு வரி:

'சுவரில் ஆறடிக்கு ஒன்றாகத் துளை விட்டு, துளைக்குப் பின்னால் சரளைக்கல் நிரப்ப வேண்டும். துளையில்லாத சுவருக்குப் பின்னால் மழைநீர் தேங்கி, சுவரையே தள்ளிவிடும்.'

இந்த இரண்டு வரியும் அச்சில் இல்லை.

திருப்பதியில் அச்சாபீஸ். அங்கே எழுத்துக் கோக்கும் நாகையா, ஆடி மாதத்தில் ஒரு மத்தியானம், மசி படிந்த விரலால் கடைசிப் பக்கத்தைத் தொட்டுக் காட்டினார்.

"சாமி, ரெண்டு வரி மிஞ்சிப்போச்சி. ஒம்போதாம் பக்கம் ஏத்த முடியாது. எதுனா ரெண்டு வரி எடுத்துக் குடுங்க."

யோசித்தேன். நாகையாவே வழியும் சொன்னார்.

"மொதப் பக்கத்துல இருக்குதே, இந்தச் சேல சங்கதி. அத்த எடுத்துடலாமா?"

சேலை சங்கதி என்று அவர் சொன்னது என்னுடைய முதல் வாக்கியத்தை. 'பூமிப்பிராட்டி தன் பச்சைச் சேலையை மலை முகட்டில் உலர்த்தியிருக்கிறாள். மானிடா, அதன் முந்தானையைக் கிழிக்காதே' என்று ஆரம்பித்து நாலு வரி ஓடும். நாலு நாள் யோசித்து எழுதியது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "உமக்கு என்ன தெரியும்?" என்று கேட்டுவிட்டு, பதினான்காவது குறிப்பின் வாலை நறுக்கிக் கொடுத்தேன்.

(கிருபாவதி அம்மாளின் கடிதத்தில் பின்குறிப்பு ஒன்று இருந்தது. அதை மேலே மறைத்துவிட்டேன். 'முதல் வாக்கியம் மிக அழகு. பூமிப்பிராட்டி என்பதை மட்டும் பூமி என்று திருத்திப் பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன்.')

3.

இனி கதை.

கிருபாவதிக்கு நாற்பத்தாறு வயது. (கடிதத்தில் வயது இல்லை. கையெழுத்தைப் பார்த்து நானாக வைத்தது.) போன வருஷத்து மழையில் வெட்டுமண் கரைந்து பிள்ளைகள் படுக்கிற கூடத்துக்குள் வந்தது. டிரங்குப் பெட்டிகள் புதைந்தன. ஒரு பெண் முழங்கால் வரை சேற்றில் மாட்டிக்கொண்டு கத்தியதை அவளால் இன்னும் மறக்க முடியவில்லை. அன்றிலிருந்து மேகம் கறுத்தால் அவள் ராத்திரி முழுக்கக் கூடத்து வாசலில் உட்கார்ந்திருப்பாள்.

இந்தச் சமயத்தில் தபாலில் புத்தகம் வந்தது. மூன்று முறை படித்தாள். சொன்னதை எல்லாம் செய்தாள். மேலே கால்வாய் எடுத்தாள், மண்மேட்டுக்கு வைக்கோல் போட்டாள், வெட்டிவேர் நாற்று வாங்கி நட்டாள். ஆவணியில் ஒரு திடீர் மழை அடித்தது. ஒரு கூடை மண்கூட நகரவில்லை. அன்றைக்கு ஜெபத்தில் அந்தப் புத்தகத்தை எழுதினவருக்காகவும் வேண்டிக்கொண்டாள்.

பிறகு சுவர் வேலை. முதல் வரிசைக் கல் ஏறும்போதே ஏழுமலை வந்து நின்றார்.

"அம்மா, தண்ணி போறதுக்கு வழி வுடணும்மா. அடைச்சி கட்னா உள்ளயே நின்னுக்கினு செவுத்தத் தள்ளும்."

"எந்தப் பக்கத்துல போட்டிருக்குது, காட்டுங்க மேஸ்திரி."

"எனக்கு ஏதும்மா படிப்பு? எங்க நைனா கட்ன செவுரு, நான் கட்ன செவுரு, அல்லாத்துக்கும் தொள வெச்சிக்கினுதான் வரோம்."

கிருபாவதி கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். பின்னட்டையையும் பார்த்தாள். அவர் சொல்வதில் நியாயம் இருப்பதாகவே அவளுக்குப் பட்டது. ஆனால் ஓட்டை என்றால் பாம்பு நுழையும், சின்னப் பிள்ளைகள் கையை விடும்.

"வைக்கோல் போடச் சொன்னது இந்தப் புத்தகந்தான். போட்டோம், மண்ணு நின்னுச்சு. கால்வாய் எடுக்கச் சொன்னதும் இதுதான். வெட்டிவேரை எத்தனை அங்குலத்துக்கு ஒண்ணு நடணும்னு கூட எழுதியிருக்காங்க. அவ்வளவும் எழுதினவங்க ஒரு ஓட்டையை எழுத மறந்திருப்பாங்களா?"

மறக்கவில்லை அம்மா, எழுதினான். எழுதிவிட்டு வெட்டினான்.

(இந்த வரியை அவள் காதில் விழும்படி எழுத ஒரு மணி நேரம் முயன்றேன். வழிப்போக்கனாக அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன், கல் சுமக்கிற ஆளாகவும் போனேன். அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.)

ஏழுமலை கரணையைக் கழுவினார். "நான் சொல்லிட்டேன். அப்பறம் என்னக் கேக்கக் கூடாது." சாந்தைக் குழைத்து வைத்து, பாடுபட்டு, ஒரு சந்து விடாமல் பூசினார். தனக்குப் பிடிக்காத வேலையையும் அவர் நன்றாகத்தான் செய்தார். அது எவ்வளவு பெரிய கேடு பாருங்கள்.

4.

அவளை மூடப் பெண்மணி என்று எழுதியதற்குக் காரணம் உங்களுக்கு இப்போது தெரிந்திருக்கும். மூடப் பெண்ணாக இருந்தால் பழி அவளோடு போகும். செவ்வாய்க்கிழமை முழுக்க அவளை அப்படித்தான் எழுதினேன். அகங்காரம் கொடுத்தேன், கூலியாட்களைக் கடிந்துகொள்ள வைத்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. அச்சில் வந்ததை நம்பினாள் என்பதைத் தவிர அவள்மேல் வேறு குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஏழுமலையை ஊமையாக்கவும் பார்த்தேன். கடிதமே சாட்சி சொல்கிறதே, அதுவும் முடியவில்லை.

புதன்கிழமை பெரியவரிடம் போய் நின்றேன். "பதினான்காவது குறிப்பில் ஒரு சிறு விடுபாடு..." என்று இழுத்தேன். அவர் கோப்பிலிருந்து தலையை எடுக்காமல், "ரெண்டாவது பதிப்புல சேத்துடு வேதாச்சலம். தொந்தரேமி லேது" என்றார். அவசரம் ஒன்றும் இல்லையாம். வெளியே வந்தபோது எனக்கு உண்மையில் நிம்மதியாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

பதில் கடிதமும் ஆரம்பித்தேன். 'அன்புள்ள அம்மா, தங்கள் கடிதம் கண்டு மட்டற்ற மகிழ்ச்சி. ஒரு சிறு'

(அதற்கு மேல் போகவில்லை. 'சிறு' என்ற சொல்லுக்குப் பிறகு எதை வைப்பது?)

ஐப்பசி காய்ந்து போனதுதான் எனக்குத் துணை. மழை இல்லை என்றால் சுவர் நிற்கும். தினமும் காலையில் எழுந்ததும் வாசலில் நின்று வானத்தைப் பார்த்தேன். ஊர் முழுக்க மழைக்கு வேண்டிக்கொண்டிருந்த நாளில் நான் ஒருவன் மட்டும் வேண்டாம் என்று வேண்டிக்கொண்டேன். பிறகு உள்ளே போய்க் கதை எழுதினேன்.

5.

வியாழனும் வெள்ளியும் முடிவுகள் எழுதினேன்.

முதல் முடிவில், ஓர் ஓவர்சியர் தற்செயலாகக் குதிரையில் வருகிறார். சுவரைப் பார்த்துத் திடுக்கிடுகிறார். கடப்பாரை கொண்டுவரச் சொல்கிறார். நல்ல உயரம், நல்ல குரல். அவருக்குப் பெயர் வைக்க உட்கார்ந்தபோதுதான் அந்த மலைப்பக்கம் எந்த ஓவர்சியரும் போவதில்லை என்பது நினைவு வந்தது.

இரண்டாவது முடிவில், ஏழுமலை மனசு கேட்காமல் தானே திரும்பி வந்து பத்துத் துளை போடுகிறார். துளையிலிருந்து பீறிட்டு வரும் சேற்றுத் தண்ணீரைப் பார்த்துக் கிருபாவதி கையெடுத்துக் கும்பிடுகிறாள். எனக்கு மிகவும் பிடித்த முடிவு. எழுதிவிட்டுக் கண் கலங்கினேன். ஆனால் மூன்று நாள் மல்லுக்கு நின்று தோற்றுப் போன மனிதர் எந்த முகத்தோடு திரும்பி வருவார்?

மூன்றாவதில் ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் ஆராதனையில் இருக்கும்போது சுவர் விழுகிறது. யாருக்கும் அடி இல்லை. இது கோழை எழுதுகிற முடிவு.*

நான்காவது: மழை பெய்தால் பிள்ளைகள் கொட்டகைக்குள் இன்னும் நெருங்கி, இன்னும் சுவரோரமாக உட்காருவார்கள். மத்தியானம் பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி அடித்

---
* இதைத்தான் முதலில் சுத்தப் பிரதி எடுத்து வைத்தேன்.

6.

இன்று சனிக்கிழமை. விடியற்காலையில் ஓட்டில் சடசடவென்று சத்தம் கேட்டு விழித்தேன். கதைக்குள் நான் பெய்ய வைத்த மழை அல்ல. அதை வேண்டும்போது நிறுத்தியிருக்கிறேன்.

எழுந்து போய் விளக்கை ஏற்றி, பாதியில் நின்றுபோன நான்காவது முடிவை எடுத்து வைத்துக்கொண்டேன். என் மனைவி அலர்மேல்மங்கை பின்னால் வந்து நின்று கடைசிப் பக்கத்தைப் படித்தாள். கடிதத்தையும் எடுத்துப் படித்தாள். அதுவரை அவளிடம் சொல்லவில்லை.

"இது நெஜமா நடந்ததா?"

"ம்."

"அந்தப் பொண்ணுங்க இன்னிக்கும் அங்கதான் ஒக்காந்து சாப்பிடும்?"

"ம்."

"அஞ்சு நாளா இத்தயா எழுதிக்கினு இருந்தீங்க? கதையில எத்தினி வாட்டி அதுங்களக் காப்பாத்துவீங்க? எழுந்து போங்க."

போனேன். தந்தி ஆபீஸ் திறக்கும்வரை தாழ்வாரத்தில் நனைந்துகொண்டு நின்றேன். 'பிள்ளைகளைச் சுவரை விட்டு அகற்றவும். உடனே துளை போடவும். புத்தகம் தவறு. தவறு என்னுடையது. வேதாச்சலம்.' பெயர் போட வேண்டும் என்பதற்காகத்தான் திங்கட்கிழமையே இதைச் செய்யவில்லை. போட்ட பிறகு பார்த்தால் வெறும் பெயர்தான்.

தந்தி குமாஸ்தா வாசித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "புத்தூர் வரைக்கும் இப்பவே போய்டும் சார். அங்கேர்ந்து நாலு மைல் ஆளு நடக்கணும். நடுவுல ஒரு ஓடை இருக்குது. ஓடயில தண்ணி வந்துட்டா ஆளு தாண்ட மாட்டான்."

7.

வீட்டுக்குத் திரும்பிவிட்டேன், மணி எட்டு பத்து. எட்டரைக்குப் புத்தூர் பஸ், நானே போகிறேன். சரியாகப் போனால் பதினொன்றுக்கு இறங்கலாம். பிறகு நாலு மைல் சேற்றில் நடை, நடுவில் ஓடை. பன்னிரண்டரைக்கு மணி அடிப்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன், எனக்கும் அந்த மணிக்கும் நடுவில் அதிகம் மிஞ்சவில்லை. அலர்மேல்மங்கை வாசலில் குடையோடு நிற்கிறாள். நான் இன்னும் எழுதிக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியாது, வேட்டி மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

ஆகவே இந்தக் கதைக்கு என்னால் முடிவு எழுத முடியாது. தாள்களை அவளிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். நல்ல சேதியோடு திரும்பினால் வாங்கி அடுப்பில் போட்டுவிடுவேன். எல்லோரும் நலமாக இருக்கும்போது இந்த வெட்கக்கேட்டை ஊருக்குச் சொல்ல எனக்கென்ன தலையெழுத்தா?

ஆனால் இது இப்போது உங்கள் கையில் இருக்கிறது. படிக்கிறீர்கள். அப்படியானால் சுவர் விழுந்துவிட்டது என்று நீங்கள் நினைக்கக்கூடும். அவசரப்படாதீர்கள். இரண்டு வரியை வெட்டு என்றபோது எதை வெட்டி எதை வைத்துக்கொண்டவன் நான் என்பதை நீங்களே பார்த்தீர்கள். பிள்ளைகள் முப்பத்திரண்டு பேரும் பிழைத்திருந்தும், நான் எழுதின தாளை எரிக்க மனம் வராமல் பத்திரிகைக்கு அனுப்பியிருக்கலாம். அவ்வளவு தூரம் போகக்கூடிய ஆள்தான்.

எது நடந்தது என்று எனக்கு இந்த நிமிஷத்தில் தெரியாது. முடிவை நீங்கள் எழுதுங்கள். என்னை அதில் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், ஓடையில் விட்டுவிட்டாலும் சரி. பிள்ளைகளை மட்டும் முதல் வரியிலேயே எழுப்பி வெளியே கொண்டுவந்துவிடுங்கள். தட்டைக்கூட எடுக்க விடாதீர்கள்.