சுரைத்தீவு ராசா

முத்துராணி புருசன் இசக்கிமுருகனுக்குக் கோட்டி பிடிச்சது தொண்ணூத்தி ரெண்டு வெள்ளத்துல. தாமிரபரணி தெருவுக்குள்ள வந்தப்போ ஓட்டு மேல ஏறி உக்காந்து ‘ஐயோ, அம்மா’ன்னு அலறுன பய, தண்ணி வடிஞ்சதும் அடுத்த வருசம் குலசை தசராவுக்கு வேசம் கட்டுதேன்னு நேர்ந்துகிட்டான். நேர்ந்தவன் ஊரோட ஒத்து ஒரு குரங்கோ போலீஸோ கட்டித் தொலைக்க வேண்டியதுதானே? இவனுக்குச் சுரைத்தீவு ராசா வேசம்தான் வேணுமாம். அந்தத் தீவு எங்கன இருக்குன்னு கேட்டா, “இனிமேதாம்ளா கண்டுபிடிக்கணும்”ங்கான்.

அந்தத் தீவுக்காரங்க பாதி நாள் கடல்லதான் கிடப்பாங்களாம். உடுப்பெல்லாம் அதுக்குத் தோதாத்தான் இருக்கும். சட்டை முழுக்கக் காஞ்ச சுரைக்குடுக்கை. படகு கவுந்தாலும் ஆளு மிதப்பான். ஓலைத்தொப்பியை மல்லாத்துனா மழைத்தண்ணி பிடிக்கலாம். தொப்பிக்குள்ள கருவாடு, இவன் விரதமாச்சே, அதனால அவல். கால்ல பனைமட்டைத் துடுப்பு. தோள்ல ரெண்டு மூங்கிலைக் கட்டி ஒரு கப்பல்பாய். கையை விரிச்சாக் காத்தே தள்ளிக்கிட்டுப் போயிருமாம்.

“பாய்க்கு ஒரு சேலை தாயேன்ளா.”

“என் சேலையில கை வச்சீரு, அந்தக் கையை ஒடிச்சு அடுப்புல வைப்பேன்.”

அவ வயித்தெரிச்சல் அவளுக்கு. இருந்த பட்டு ஒண்ணே ஒண்ணு, கல்யாணத்துக்கு எடுத்த மாம்பழக் கலர் பட்டு. ஐப்பசியில தங்கச்சி கல்யாணம். சம்பந்தக்காரங்க முன்னால மூத்தவ நூல் சேலையில போய் நிக்கவா?

காப்பு கட்டுனவன் வீட்டுல தங்கப்படாது, கூட்டா வேசம் கட்டுத தசரா செட்டோட குடில்லதான் படுக்கணும். இவனும் போயிட்டான். விட்டது சனியன்னு இருந்தவ, ஒருநாள் டிரங்குப் பெட்டியைத் திறந்தா, பட்டைக் காணோம்!

அன்னைக்குச் சாயங்காலம் காணிக்கை பிரிக்க செட்டு தெருவுக்குள்ள வந்துது. செட்டுத் தலைவர் பிச்சைக்கண்ணு முன்னால வர, காளி வேசத்துக்குப் பின்னால பதுங்கிப் பதுங்கி வந்தான் ராசா. முதுகுல மாம்பழக் கலர் பாய். கோணி ஊசியால குத்தி, கயித்தால தைச்சிருந்தான் பேதியில போவான்.

முத்துராணிக்கு ரத்தம் கொதிச்சுது. வெளக்குமாத்தை எடுத்தவ, கீழ போட்டா. காப்பு கட்டுனவனை அடிக்கப்படாது, பேரு சொல்லிக்கூடக் கூப்பிடப்படாது, சாமின்னுதான் சொல்லணும். அட, சாமின்னா வாக்கு சொல்லணும்லா?

தட்டுல காணிக்கையோட போய்த் தெரு பாக்க அவன் கால்ல விழுந்தா.

“சாமி, என் பட்டுச்சேலை களவு போயிட்டு. வாக்கு சொல்லணும்.”

குடுக்கையெல்லாம் கடகடன்னு ஆடுச்சு. பிச்சைக்கண்ணு, “காப்பு கட்டுன வாயி, பொய் வரப்படாது, சொல்லும் சாமி”ன்னாரு.

“எடுத்தது... வெளியாளு இல்ல.”

“திரும்பக் கிடைக்குமா சாமி?”

“புதுசாவே கிடைக்கும்.”

“எப்போ? ஆரு தருவா?”

ராசாவுக்கு முழி பிதுங்குச்சு. “ஐப்பசிக்குள்ள... உன் புருசன்.”

தெருவே குலவை போட்டுது.

தசரா முடிஞ்சு, காப்பு அறுத்து, வேசத்தைக் களைஞ்சு வெறும் துண்டோட வீட்டுக்கு வந்தான்.

“ஏளா, அன்னைக்கு நான் சும்மா வாயில வந்ததை...”

“அப்போ பொய் சொன்னீரோ? பிச்சைக்கண்ணு அண்ணாச்சியைக் கூப்பிடட்டா?”

“இல்ல இல்ல! சாமிதான் சொல்லிச்சு.”

“சாமி சொன்னா நடக்கும்.”

அவன் சுவரோரம் நின்ன தன் சைக்கிளைப் பார்த்தான். அவளும் அதைத்தான் பார்த்தா.

ஐப்பசியில தங்கச்சி கல்யாணத்துல முத்துராணி கத்திரிப்பூக் கலர் புதுப் பட்டுல நின்னா. அன்னையில இருந்து இசக்கிமுருகன் மில்லுக்கு நடந்துதான் போறான். என்னத்தையெல்லாமோ கண்டுபிடிச்ச தீவுக்காரன், தரையில போறதுக்கு ஒண்ணும் கண்டுபிடிக்கலியே.