ஆணி அடிக்காத சுவர்

ஆறாயிரம் ரூபாய். துண்டுக்கு அடியில் சனாவுல்லாவின் விரல்களை அழுத்தி அந்த விலையைச் சொன்னார் பம்பாயிலிருந்து வந்த பழம்பொருள் வியாபாரி. திண்டுக்கல் தோல் மண்டியில் விலையை வாய் பேசாது, விரல்தான் பேசும். சரக்கு என்னவோ தோல் இல்லை. சனாவுல்லாவைப் பெற்ற அத்தா கிதர் முகம்மது, அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத் தமிழில் ஆயுசு முழுக்கக் கைப்பட எழுதி, தானே தோல் அட்டை கட்டிய நாற்பத்தொரு வைத்தியப் புத்தகங்கள். ஆட்டுத்தோலுக்கு அரையணா குறைக்க அரைநாள் மல்லுக்கட்டும் சனாவுல்லா, அன்றைக்குக் கையை வெடுக்கென்று உருவிக்கொண்டார்.

காரணம், தங்கை நர்கீஸின் புருஷன் அப்துல் லத்தீப். மதராஸில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் குமாஸ்தா. "சும்மா குடுங்க மச்சான். புதுக் கட்டடம் எழும்பப் போவுது. உள்ள நுழைஞ்சதும் அத்தா பேருல கல்லு. அதுக்கு நான் பொறுப்பு."

மச்சானிடம் யார் பத்திரம் எழுதி வாங்குவார்கள்?

புத்தகங்களைக் கொடுத்தனுப்பி மூன்று வருஷம் கழித்து, 1962இல் கட்டடம் திறந்ததும் சனாவுல்லா அத்தாவின் பேரைக் கல்லில் செதுக்கி, சாக்கில் சுற்றி, ரயிலேறிவிட்டார். பள்ளிவாசலுக்கு மின்விசிறி கொடுப்பவன் றெக்கையில் பேரெழுதித்தானே கொண்டுபோவான்?

தூண்கள்மேல் தூக்கி நிறுத்திய கட்டடம். நெடுகக் கண்ணாடி, வெயிலை மறிக்க சிமெண்ட் பட்டைகள். ஒரு பூ வேலை கிடையாது. "இன்னும் பூசணும் போலயே?" என்றார் ரிக்‌ஷாக்காரரிடம்.

நூலகர் கல்லைப் பார்த்துப் பதறிப்போனார். "சுவர்ல ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாதுங்க. பிளான் வந்த அன்னிக்கே உத்தரவு. லத்தீபும் கையெழுத்துப் போட்டிருக்காரே! ஏன் லத்தீப், இவர் யாரு?"

"ஊர்க்காரர் சார். புத்தகம் சேக்க ஒத்தாசை பண்ணவரு."

பிளான் வந்தது எப்போது என்று சனாவுல்லா கேட்டார். நாலு வருஷம் ஆகிறது என்றார் நூலகர்.

லத்தீப் காதோரம் குனிந்தான். "மச்சான், செத்த வெளிய வாங்க. டீ சாப்பிட்டுப் பேசுவோம்."

"சாரு முன்னால ஊர்க்காரன். டீக்கடையில மச்சானா?"

நூலகருக்கு அது கேட்கவில்லை. பெரிய பதிவேட்டைப் பிரித்து நீட்டினார். "வந்ததே வந்தீங்க, எல்லாம் வந்து சேர்ந்துச்சான்னு எண்ணிப் பார்த்துடுங்க. இதைக் கொண்டுவந்ததுக்குத்தான் லத்தீபுக்கு மேல்பதவி."

கொடுத்தவர் என்ற கட்டத்தில் வரிக்கு வரி ஒரே பேர்: அ. லத்தீப். சனாவுல்லாவுக்கு உண்மை வாய்வரை வந்தது. போன மாதம்தான் நர்கீஸ் எழுதியிருந்தாள்: சம்பளம் கூடியிருக்கு, பிள்ளையைக் கான்வென்ட்டில் சேர்த்தாச்சு. வந்ததை விழுங்கிக்கொண்டார். தோல் எண்ணுகிற பழக்கத்தில் விரல் வைத்து எண்ணினார். நாற்பத்தொன்று. ஒன்றுகூடக் குறையவில்லை.

"சரிபார்த்ததுக்கு ஓரத்துல இனிஷியல் மட்டும் போடுங்க, போதும்."

பேனாவை வாங்கி, அத்தா பேரின் முதலெழுத்தை எழுதினார்: கி. தன் எழுத்தை எழுதாமலே பேனாவை மூடினார். நாற்பத்தொரு வரிகளுக்கு எதிரே அந்த ஓரெழுத்து, மை காயாமல் இருந்தது.