ஜன்னல் சீர்

எங்கள் தி.நகர் வீட்டுக்கு இருந்ததே இரண்டு ஜன்னல். ஒன்று தெருவைப் பார்த்தது, மற்றொன்று பின்னறையில், பக்கத்துச் சந்துப் பக்கம் பார்த்தது. எழுபத்து மூன்றாம் வருஷம் ஆவணியில், என் மகள் செண்பகத்தைத் தலைப்பிரசவத்துக்குத் திருநெல்வேலியிலிருந்து கூட்டி வந்தோம். மறுநாள் காலையில் தெரு ஜன்னலைத் திறந்தால் ஒரு கதவு கையோடு வந்துவிட்டது. சட்டத்துக்குள் மரமே இல்லை, எல்லாம் கரையான் மண். பின்னறை ஜன்னலைத் தட்டிப் பார்த்தேன். அதற்கும் அதே கதிதான்.

தச்சர் துரைராஜ் வந்து பார்த்தார். "புதுத் தேக்குல ரெண்டும் பண்ணா எழுநூறு ஆவும்மா."

"ஜன்னல் கேட்டேனா, தேர் கேட்டேனா?" என்று கத்தினேன். கத்தினால் விலை குறையும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. சில சமயம் குறையவும் செய்யும். துரைராஜ் சிரித்துவிட்டு, ஆழ்வார்பேட்டையில் ஒரு பழைய பங்களாவை இடிக்கிறார்கள், அங்கே ஜன்னல் மலிவாகக் கிடைக்கும் என்றார். என் வீட்டுக்காரர் துணிக்கடையில் வேலை பார்ப்பவர். பிரசவச் செலவுக்கு எடுத்து வைத்ததைத் தொடாமல் பார்த்தால், அந்தப் பழைய ஜன்னலில்கூட ஒன்றுதான் வாங்க முடியும்.

"தெரு ஜன்னலை மாத்துவோம். பின்னறையைச் செங்கல் வச்சு அடைச்சிருவோம், வடிவு," என்றார் இவர்.

செண்பகம் பிள்ளையோடு படுக்கப் போவது அந்தப் பின்னறையில்தான். வேறு அறை இல்லை. ஜன்னலை அடைத்தால் பட்டப்பகலிலும் விளக்குப் போட வேண்டும். அடைக்காமல் விட்டால் ஐப்பசி மழை நேரே கட்டிலில் விழும். பச்சைக் குழந்தையைக் காற்றும் வெளிச்சமும் இல்லாத பொந்திலா போடுவது? ஆனாலும் சரியென்றுதான் சொன்னேன். வேறு என்ன சொல்ல?

துரைராஜ் அடுத்த குண்டைப் போட்டார். "தோ பாருமா, புள்ளத்தாச்சி கீற வூட்ல நான் ஆணி அடிக்க மாட்டேன். செவுத்தையும் இடிக்கக் கூடாது. பொண்ணை வேற எங்கனா வச்சுட்டு என்னியக் கூப்டு."

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து வழக்கமும் அதுதான். என் சம்பந்தி கேள்விப்பட்டால் ரயிலேறி வந்து சண்டை போடுவாள். ஆனால் நிறைமாதத்தை நெருங்குகிறவளை எங்கே கொண்டுபோய் விடுவேன்?

சந்துக்கு அந்தப் பக்கம் ஹமீதுன்னிசா அக்கா வீடு. முன்னறையில் தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைப்பவர். நான் கத்துவதெல்லாம் அங்கே கேட்கும். கழுத்தில் இஞ்சிடேப்போடு அப்படியே எழுந்து வந்தார்.

"இன்னாத்துக்கு இவ்ளோ யோசனை? செண்பகம் நம்ப வூட்ல இருக்கட்டும். நீங்க சைவம், எனக்குத் தெரியாதா? அவ இருக்கிற வரைக்கும் நம்ப அடுப்புல கறி ஏறாது."

"அக்கா, ஒங்களுக்கு எதுக்குச் சிரமம்? நான் யார்ட்டயும் ஓசில ஒரு கறிவேப்பிலகூட..."

"வாய மூடு, வடிவு."

என்னை வாயை மூடச் சொல்லும் தைரியம் அந்தத் தெருவிலேயே அக்காவுக்கு மட்டும்தான் உண்டு. செண்பகம் அன்றைக்கே அங்கே போய்விட்டாள். நான் சோற்றுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனால், அவள் ஏற்கெனவே சாப்பிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டிருப்பாள்.

ஆழ்வார்பேட்டை ஜன்னல் தெருச் சுவரில் ஜம்மென்று உட்கார்ந்தது. பின்னறையை அடைக்கிற அன்று எனக்கு அதைப் பார்க்க மனசில்லை. இவருக்குச் சாப்பாடு கொடுக்கிற சாக்கில் கடைக்குப் போய், பாண்டி பஜார் முழுக்கச் சுற்றிவிட்டுத் திரும்பினேன்.

பின்னறையில் வெயில் அடித்தது. செங்கல்லைக் காணோம். அந்த இடத்தில் பச்சைக் கதவு போட்ட ஒரு ஜன்னல். எனக்கு நன்றாகத் தெரிந்த ஜன்னல். சந்தைத் தாண்டி ஓடினேன். அக்காவின் முன்னறையில் இரண்டு ஜன்னல் உண்டு. ஒன்று இருந்த இடத்தில் ஈரம் காயாத சிமெண்டு. மிஷின் மற்ற ஜன்னலுக்குப் பக்கத்தில் நகர்ந்திருந்தது. எங்கள் சுவரை அடைக்க வாங்கிய செங்கல் அக்காவின் சுவருக்குப் போயிருந்தது!

"என்ன காரியம் செஞ்சிட்டீங்க! திருப்பி மாட்டச் சொல்லுங்க. எனக்கு ஓசி வேண்டாம்," என்று கத்தினேன்.

அக்கா மிஷினை நிறுத்தவே இல்லை. "ஓசியா? வளைகாப்புக்குத் திருநெல்வேலி வர முடில என்னால. அன்னிக்குச் செண்பகத்துக்கு வைக்க வேண்டிய சீரு இது. வச்சிட்டேன். சீரைத் திருப்பி அனுப்புவியா நீ? அனுப்பு, பாப்போம்."

சீரைத் திருப்பினால் எங்களில் உறவே முறிந்த மாதிரி. இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்தவருக்கு அது தெரியாதா? எனக்கு அழுகை வந்துவிட்டது. பெற்ற தாய் செய்வாளா இதை? துரைராஜ் வேலையை முடிக்கும் வரை எதிர்வீட்டில் இருந்துவிட்டு வந்த செண்பகம், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது, கள்ளி.

ஐப்பசியில் பேரன் பிறந்தான். ஊரே மிதக்கிற மழை. பின்னறையில் ஒரு சொட்டு விழவில்லை. குளிக்கப் போகும்போதெல்லாம் அந்தப் பச்சைக் கதவைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போவேன். இவர் கேலி செய்வார். செய்யட்டும்.

பேரனுக்குக் குரல் கேட்டால் முகம் திருப்பத் தெரிந்த சமயம். கட்டில் ஓரம் நின்று, "ராசா, ஆச்சியைப் பாரு" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டேன். மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டே கிடந்தான். சந்தில் துணி காயப்போட வந்த அக்கா, பாதி திறந்த ஜன்னல் வழியாக, "இன்னா நைனா?" என்றார். ஒரே ஒரு தடவைதான். பயல் சட்டென்று அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தான்.

பொறாமையாகத்தான் இருந்தது. எழுந்து போய், சாத்தியிருந்த இன்னொரு கதவையும் அக்காவுக்காகத் திறந்துவிட்டேன்.